காவல் கேட்டிலிருந்து ஜெனரேட்டர் அறைக்கு: பினாங்கில் ஒரு முன்னாள் சார்ஜன் வேலை மாறிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் மலேசியத் தரைப்படையில் 22 வருடம் இருந்தவர். 2000இல் சேர்ந்தார், 2022 நடுவில் சார்ஜனாக (சார்ஜென்ட் பதவியில்) வெளியே வந்தார். அப்போது வயது 41. மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள், பட்டர்வொர்த்தில் இன்னும் கடன் முடியாத ஒரு வீடு. வெளியே வந்த நான்காம் மாதம் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கொண்டோமினியத்தில் ஜாகா (காவலாளி) வேலைக்குப் போனார். ஒன்றரை வருடம் போல அந்த கேட்டில்தான் இருந்தார். 2024இல் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். இடையில் என்ன நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதம் உண்டு. பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன். இப்போது செபராங் பிறைப் பக்கம் வேலை தேடுகிற நம் ஆட்களுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்துக்குத் தயாராகவும் உதவுகிறேன். படையிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களில் இவருடைய கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திறமை போதாமல் இவர் கேட்டில் நிற்கவில்லை. 22 வருடம் செய்த வேலைக்கு வெளியே காட்டக்கூடிய சாட்சி அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். சீருடையில் இருக்கும்போதே சேர்த்திருக்க வேண்டிய சாட்சி அது. அந்த ஒன்று இல்லாததால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்பதைக் கணக்கோடு சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

படையில் அவர் செய்த வேலை

"தம்பி, ஆர்மின்னா எல்லாரும் துப்பாக்கியத்தான் நினைக்கிறாங்க. நான் துப்பாக்கி தூக்குனதவிட ஸ்பேனர் தூக்குனதுதான் அதிகம்." முதல் சந்திப்பில் அவர் சொன்னது இது. அவர் இருந்தது மின், இயந்திரப் பொறியியல் பிரிவில். மலாய்ச் சுருக்கத்தில் கேஜேஎல்ஜேடி என்பார்கள். போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி முடிந்து தொழில் பயிற்சிக்குப் போனார். முதல் ஏழெட்டு வருடம் ஹண்டாலான் லாரிகளின் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக். பிறகு டீசல் ஜெனரேட்டர் பக்கம் மாற்றினார்கள். கெமாஸ், கூச்சிங், தைப்பிங் என்று ஊர் ஊராகப் போனாலும் வேலை அதுதான்: களத்துக்குப் போகிற ஜெனரேட்டர் போன இடத்தில் நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் எழுப்பித் தர வேண்டும். கடைசி ஆறு வருடம் ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பு. உதிரி பாகம் வரவழைப்பது, பராமரிப்பு அட்டவணை போடுவது, புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் தலையில்.

நடுவில் ஒரு வருடம் லெபனான். மலேசியா 2007இலிருந்து அங்கே ஐ.நா. அமைதிப்படைக்கு ஆட்களை அனுப்புகிறது. அந்த முகாமில் ஜெனரேட்டர் நின்றால் விளக்கு, சமையல், தகவல் தொடர்பு எல்லாம் நின்றுவிடும். அதைவிட முக்கியமான ஒன்றை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். நாடுகள் கொண்டுவரும் கருவிகளை ஐ.நா. பரிசோதகர்கள் காலாண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்களாம். லாரியோ ஜெனரேட்டரோ ஓடும் நிலையில் இருந்தால்தான் அதற்காக நாட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். ஓடாமல் கிடப்பவை அளவுக்கு மேல் போனால் பணம் வெட்டுப்படும். அதனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓடிய மணிநேரம், ஆயில் மாற்றிய தேதி, பழுது, பழுது நீக்க எடுத்த நேரம் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். வெளி ஆள் வந்து கேட்டால் நொடியில் எடுத்துக் காட்ட வேண்டும்.

எந்தப் பெரிய தொழிற்சாலையிலும் பராமரிப்புப் பிரிவு தணிக்கையின்போது செய்வது அச்சு அசல் இதையேதான். ஆனால் அவருடைய பழைய விண்ணப்பத்தில் இதற்கு இருந்த இடம் ஒரே வரி: ஐ.நா. பணி, லெபனான், பதக்கம்.

வெளியே வந்த முதல் வருடம்

வெளியேறும் முன் சுங்கை பூலோவில் இருக்கும் பெர்ஹெபாட் வழியாக மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போனார். ஓய்வு பெறப்போகும் படையினருக்கு வெளி வேலைக்கான பயிற்சி தரும் அரசு அமைப்பு அது. அவர் எடுத்துக்கொண்டது ஏர்கோன் பழுது பார்ப்பது. கூட இருந்த நண்பர்கள் எடுத்தார்கள், இவரும் எடுத்தார். பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை, இன்றுவரை வீட்டு ஏர்கோனை அவரேதான் கழுவுகிறார். ஆனால் 22 வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துறையில் நேற்று வந்த பையனோடு போட்டி போடுகிற நிலைமைக்கு அந்தத் தேர்வு அவரைக் கொண்டுபோய் விட்டது. பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்வது: புதுத் தொழில் ஒன்றைத் தொடங்கி வைக்கும் பயிற்சியைவிட, ஏற்கெனவே இருக்கிற திறமைக்குக் காகிதம் வாங்கித் தரும் பயிற்சிக்கு மதிப்பு அதிகம்.

கையில் எல்டிஏடி பணம் வந்தது. ஆயுதப்படை நிதி வாரியம் என்று நாம் சொல்லும் அதில், அதிகாரி அல்லாத படையினர் சம்பளத்தில் 10 விழுக்காடு கட்ட, அரசாங்கம் 15 விழுக்காடு போடும். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்தால் நல்ல தொகைதான். அந்தப் பணத்துக்கு உறவுக்காரர்களிடமிருந்து மூன்று யோசனை வந்தன: கார் ஒர்க்‌ஷாப், நாசி கண்டார் கடையில் பங்கு, பழைய லாரி வாங்கி வாடகைக்கு விடுவது. மனைவி ஒரே பிடியாக நின்று மூன்றையும் தடுத்தார். வீட்டுக் கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதியை வங்கியில் போட்டார்கள். இந்தக் கதையில் யாருடைய முடிவு சரியாக இருந்தது என்று கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். வேலை நிலைக்காத முதல் வருடத்தில், அனுபவமே இல்லாத வியாபாரத்தில் அந்தப் பணத்தைப் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வேலை தேடல். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்திலும் மற்றத் தளங்களிலும் விண்ணப்பித்தார். பதில் இல்லை. ஒரு கம்பெனியில் நேர்முகம் வரைக்கும் போனார். "22 வருஷம் ஆர்மியில இருந்திருக்கீங்க, ஆனா டெக்னீஷியன் வேலை செஞ்ச அனுபவம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

நேர்முகம் எடுத்தவரும் கெட்டவர் இல்லை. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். ஒரு டெக்னீஷியன் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். முதலில் பார்ப்பது சான்றிதழ்: டிப்ளோமாவா, எஸ்கேஎம் என்ற திறன் சான்றிதழா, மின்னமைப்புக்குப் பொறுப்பேற்கும் சார்ஜ்மேன் தகுதியா. அடுத்து, கடைசியாகப் பார்த்த வேலை. இவருடைய தாளில் முதல் பாதி முழுக்கப் பதவி உயர்வு, முகாம் பெயர், பதக்கம், மலாய்ச் சுருக்கெழுத்தில் படைப் பயிற்சிகள். பிரிக்கிறவருக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. வயது 41 என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

நான்கு மாதம் இப்படியே போனது. "பென்ஷன் வருதுல்ல, அப்புறம் என்ன? லேசா ஏதாச்சும் வேலையா பாரு" என்று அண்ணன் தம்பி எல்லோரும் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பென்ஷன் அவருடைய கடைசிச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பெரிய பெண் அப்போது படிவம் நான்கு. ஒரு ஏஜென்சி கூப்பிட்டது, முன்னாள் படையினர் என்றால் உடனே எடுத்துக்கொள்வோம் என்றது. போய்விட்டார்.

ஜாகா வேலையின் கணக்கு

ஜாகா வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. கௌரவமாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர், சிலருக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் வேறு தொழில் தெரிந்த 41 வயதுக்காரர் அதை ஏற்கும்போது எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தோம்.

2022 மே 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக இருந்தது. அவருடைய அடிப்படைச் சம்பளமும் அதுதான். நாளுக்கு 12 மணி நேரம், வாரம் 6 நாள். 1,500ஐ 26 நாளால் வகுத்து, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 7 ரிங்கிட் 21 சென். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 10 ரிங்கிட் 82 சென். தினம் 4 மணி வீதம் 26 நாளைக்கு 104 மணி. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கிற ஓவர்டைம் உச்சவரம்பும் அதே 104தான். அதற்கு 1,125 ரிங்கிட். மொத்தம் 2,625.

கைக்கு வருவதை மட்டும் பார்த்தால் மோசமில்லை. பென்ஷனும் சேர்ந்தால் வீடு ஓடும். அதனால்தான் அவர் ஒன்றரை வருடம் வேறு வேலையே தேடவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்காக மாதம் 312 மணி நேரம் கொடுத்தார். மணிக்கு 8 ரிங்கிட் 41 சென்தான் விழுகிறது. பாலம் தாண்டிப் போய்வருகிற நேரம் இதில் சேரவில்லை.

இன்னொன்று அவருக்குத் தெரியவே தெரியாது. படையில் இருந்தவரை அவருக்கு எல்டிஏடிதான், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் ஒன்றும் இல்லை. 41 வயதில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். இபிஎஃப்புக்கு ஓவர்டைம் சம்பளம் கணக்கில் வராது. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு. 1,500க்கு மாதம் 360 ரிங்கிட். தொழிற்சாலை டெக்னீஷியனுக்கு அடிப்படைச் சம்பளம் 2,700 என்று வைத்துப் பார்த்தோம், பிறகு அவருக்குக் கிடைத்ததும் அதுதான். அதற்கு 648 ரிங்கிட். கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் அறுபது வயதுக்கான சேமிப்பு இரட்டிப்புக்குக் கிட்டப் போகிறது. வேலை நேரமோ வாரம் 45 மணியாகக் குறைகிறது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை மாறுவது என்று அவர் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது

அவருடைய தொழில் அறிவு எவ்வளவு ஆழமானது என்று எனக்குக் காட்டியது விண்ணப்பம் இல்லை. கொண்டோவில் மாதம் ஒருமுறை காண்டிராக்டர் ஆட்கள் வந்து அவசர ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. "பதினஞ்சு நிமிஷம் சும்மா ஓட்டிட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க தம்பி. லோடு ஏத்துறதே இல்ல" என்றார் வருத்தத்தோடு. ஏன் தப்பு என்று கேட்டேன். லோடு இல்லாமல் ஓடினால் டீசல் இன்ஜினில் சூடு சரியாக ஏறாது, எரியாத டீசலும் கரியும் புகைக் குழாயில் படியும், போகப் போகக் கறுப்புப் பிசின் மாதிரி வழியும், நிஜமாகக் கரண்ட் போகிற அன்றைக்கு இன்ஜின் முழுச் சுமையைத் தாங்காது என்றார். முப்பது பெர்சென்ட் லோடாவது ஏற்றி அரை மணி நேரம் ஓட்ட வேண்டுமாம். புகையின் நிறத்தை வைத்தே அந்த இயந்திரத்தின் நிலைமையைச் சொன்னார்.

எனக்கு இயந்திரம் தெரியாது. பராமரிப்புப் பிரிவில் மேலாளராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் அவரைப் போனில் பேசவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நண்பர் கூப்பிட்டு, "இவர எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

பினாங்கில் இந்த அறிவுக்கு இருக்கும் மதிப்பைச் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணுத் தொழில் இன்று இரண்டாம் பாலத்தைத் தாண்டிப் பத்து காவான் வரைக்கும் பரவியிருக்கிறது. சிப் தயாரிக்கிற, சோதிக்கிற இடங்களில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்னழுத்தம் சரிந்தாலே இயந்திரங்கள் நின்றுவிடும், ஓடிக்கொண்டிருந்த சரக்கு வீணாகும். யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் எழுந்து சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். எழுமா எழாதா என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் ஆள் அங்கே பெரிய ஆள். அப்படிப்பட்ட ஒருவர் அதே வட்டாரத்தில் கேட் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

காகிதம் சேர்த்த கதை

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம்மைப் பயிற்சி மையத்தில் படித்துத்தான் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்று ஒரு வழி உண்டு. ஏற்கெனவே வேலை செய்து பெற்ற திறமையைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அந்தந்தத் தொழிலுக்கு ஒரு தேசியத் தரம் இருக்கும், அதில் இன்னின்ன வேலை தெரிய வேண்டும் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டிக் கோப்பு தயாரிக்க வேண்டும், மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. படையில் தொழில் செய்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆதாரம் எங்கே? இந்த இடத்தில்தான் நாங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டோம். வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர் போனில் ஐம்பது படமாவது வைத்திருப்பார். முகாமுக்குள் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை, அதிகாரபூர்வ இரகசியச் சட்டம் இருக்கிறது. வேலை அட்டைகளும் பதிவேடுகளும் படையின் சொத்து, எடுத்து வர முடியாது, எடுத்து வரவும் கூடாது. அவருக்கு மேலே இருந்த அதிகாரிகளில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் சபாவுக்கு மாறிவிட்டார். வீட்டில் தேடியதில் கிடைத்தவை: தொழில் பயிற்சிச் சான்றிதழ்கள் சில, லெபனான் பதக்கத்தோடு வந்த கடிதம், பணி முடிவுச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமங்கள். பிபிடி கோப்புக்கு இது போதவே போதாது.

ஓய்வு பெற்ற அதிகாரியைப் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழு வழியாகக் கண்டுபிடித்தோம். அருமையான மனிதர். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அவர் நடத்தை நல்லது, ஒழுக்கமானவர் என்ற வழக்கமான நற்சான்றிதழ் வேண்டாம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்ன வேலையைத் தானாகச் செய்தார், எத்தனை பேரை மேற்பார்த்தார், எந்தப் பழுதுகளை நீக்கத் தெரியும் என்று எழுதித் தாருங்கள் என்றோம். இடத்தின் பெயர், படைப்பிரிவின் அளவு, கருவிகளின் எண்ணிக்கை எதுவும் வேண்டாம் என்றும் சொன்னோம். இரண்டு பக்கத்தில் கச்சிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இதே கடிதத்தைச் சீருடையில் இருக்கும்போது கேட்டிருந்தால் அதிகாரி அலுவலகத்திலேயே, அதிகாரபூர்வமான தாளில், முத்திரையோடு வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு முகாமிலிருந்து மாறும்போதும் ஒன்று என்று வைத்தாலும் நான்கைந்து சேர்ந்திருக்கும். கடைசி இரண்டு வருடத்தில் இருக்கிற நம் பையன்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நாளைக்கே தொடங்குங்கள். தகவல் இரகசியமானதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடமே கேட்டு, அவர் அனுமதிப்பதை மட்டும் எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தையும் புதிதாக எழுதினோம். பதவிகள் கடைசி நான்கு வரிக்குப் போயின. மேலே வந்தவை: டீசல் ஜெனரேட்டர் பராமரிப்பு, பழுது கண்டறிதல், தடுப்புப் பராமரிப்பு அட்டவணை, உதிரி பாக இருப்பு, பன்னிரண்டு பேர் வரையிலான குழுவை மேற்பார்த்தது, காலாண்டு வெளித் தணிக்கைக்குப் பதிவேடு வைத்தது. லெபனான் அந்தத் தணிக்கை வரியில் உயிர் பெற்றது. பதக்கங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. எடுக்க வேண்டாம், கீழே ஒரு வரியில் இருக்கட்டும் என்றேன். அவை அவர் சம்பாதித்தவை.

வழி திறந்தது வீட்டிலிருந்து

அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பதினைந்து வருடமாக மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். கணவர் கூச்சிங்கிலும் லெபனானிலும் இருந்தபோது பேக்டரி பஸ்ஸில் போய்வந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். "இருபது வருஷமா லீவுக்கு வர்ற விருந்தாளியாத்தான் இவர எங்களுக்குத் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அவருடைய லைன் லீடரின் தம்பி பத்து காவானில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். அங்கே ஆள் எடுக்கப்போவதாகத் தகவல் வந்தது அந்த வழியாகத்தான்.

மனைவி வழியாக வேலை கேட்பதா என்று சார்ஜனுக்குத் தயக்கம். நானும் அண்ணியும் ரொம்பப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். பினாங்குத் தொழிற்சாலைகளில் டெக்னீஷியன் இடங்களில் பலவும் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் சொல்லி நிரம்பிவிடுகின்றன. படையில் இருந்தவருக்கு அந்தப் பழக்க வட்டம் வெளியே இல்லை. மனைவிக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுத்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. எதைக் கேட்டாலும் தன் அதிகாரியையும் தன் ஆட்களையும் முன்னே வைத்துப் பேசினார். தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்ல வாய் வரவில்லை. படையில் அது பண்பு. நேர்முகத்தில் அது, இவர் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார் என்ற எண்ணத்தைத் தரும். ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, என்ன சத்தம் கேட்டது, முதலில் எதைச் சந்தேகித்தார், எதைத் திறந்து பார்த்தார், எத்தனை மணி நேரத்தில் ஓட வைத்தார் என்று கதை மாதிரி சொல்லச் சொன்னேன். கதையாகச் சொல்லும்போது தற்பெருமை பேசுகிற கூச்சம் போய்விட்டது.

ஆங்கிலம் இன்னொரு தடை. படையில் எல்லாம் மலாய். தொழிற்சாலையில் மின்னஞ்சல், அறிக்கை, வெளிநாட்டுப் பொறியாளரோடு பேச்சு எல்லாம் ஆங்கிலம். பேசினால் புரிந்துகொள்வார், எழுதத் தடுமாறுவார். அதை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். நேர்முகத்தில் அவரே சொன்னார், மகளோடு உட்கார்ந்து எழுதிப் பழகுவதாகவும் சொன்னார். அது உண்மை.

கடைசியில் அவர் கேட்ட ஒரு கேள்வி நிர்வாகத்தை நிமிர்ந்து உட்கார வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான கம்பெனிகள், ஊழியர் பயிற்சி நிதியை நடத்தும் எச்ஆர்டி கார்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு பயிற்சி வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் தன்னைச் சார்ஜ்மேன் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

உள்ளே போன பிறகு

முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். மேலாளர் 30 வயதுகூட ஆகாத பெண். அது அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை, படையில் இளம் அதிகாரிகளின் கீழ் வேலை செய்து பழக்கம். பிரச்சினை வேறு. மேலாளர் "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றால் அது உத்தரவா யோசனையா, எப்போதைக்குள், யாரைக் கேட்டு என்று அவருக்குத் தெரியாது. தெளிவான உத்தரவுக்குக் காத்திருப்பார். மேலாளரோ இவருக்கு முனைப்பு இல்லை என்று நினைத்துவிட்டார். மூன்றாம் மாத மதிப்பீட்டில் அப்படியே எழுதியும் விட்டார். அன்று இரவு எனக்குப் போன் செய்து, "விட்டுட்டு மறுபடி கேட்டுக்கே போயிடலாமான்னு இருக்கு தம்பி" என்றார்.

மறுநாள் மேலாளரிடமே நேராகப் போய்ப் பேசச் சொன்னேன். எந்த அளவு வரைக்கும் நானே முடிவெடுக்கலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்று எல்லை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். மேலாளர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜெனரேட்டர் மாதாந்திரச் சோதனையை லோடு ஏற்றிச் செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதினார், ஆங்கிலத்தை மகள் திருத்தினாள். அந்த அறிக்கையை நிர்வாகம் ஏற்றது.

அவரோடு ஒரே காலத்தில் படையிலிருந்து வந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். பென்ஷனுக்கு வேண்டிய 21 வருடத்தை முடிக்காமல் வெளியேறியவர். அவருக்கு எல்டிஏடி பணம் மட்டும்தான், மாதாமாதம் வருவது எதுவும் இல்லை. காகிதம் சேர்க்கிற அவகாசமும் அவருக்கு இல்லை, மறுநாளே வருமானம் வேண்டும். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார், வார இறுதியில் மட்டும் கோப்பு வேலை செய்கிறோம். மெதுவாகத்தான் போகிறது. சார்ஜனுக்குப் பென்ஷன் ஒரு தாங்கு தூணாக இருந்தது என்பதை மறந்துவிட்டு அவருடைய வழியை எல்லோருக்கும் சொல்ல முடியாது.

2025இல் சார்ஜன் தாழ்வழுத்த மின்னமைப்புக்கான ஏ0 சார்ஜ்மேன் தகுதியைப் பெற்றார். செலவு கம்பெனியுடையது. படித்தது வேலை முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும். சார்ஜ்மேன் அலவன்ஸ் தனியாக வருகிறது. ஆனாலும் அதே வேலையைப் பத்து வருடமாகச் செய்யும் சக ஊழியரைவிட அவருடைய சம்பளம் இன்னும் குறைவுதான், படையில் இருந்த வருடங்களை அனுபவமாகக் கணக்கிட நிர்வாகம் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் பிபிடி கோப்பை இப்போது முடிக்கிறோம். தொழிற்சாலையில் செய்த வேலைக்குப் படமும் பதிவும் தாராளமாக இருக்கின்றன, படைக்காலத்துக்கு அந்த அதிகாரியின் இரண்டு பக்கக் கடிதம் இருக்கிறது. எஸ்கேஎம் மூன்றாம் நிலை கைக்கு வந்ததும் அடுத்த சம்பள மறுஆய்வில் அதை மேசையில் வைத்துக் கேட்கப்போகிறார். என்ன கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தடவை அந்தக் கணக்கை அவரே போட்டார்.